ஆஸ்பத்திரி ஜெபம்

மச்சான்,

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது: ஞாயிறுதோறும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் எங்கள் சபைக் குழுவில், பன் கூடை தூக்கிக்கொண்டிருந்த நான், நோயாளிகளுக்காக ஜெபிப்பவனாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டேன். வெறும் பன்னாக இருந்தவன் பண்பாளன் ஆகிவிட்டேன்! நான் வாயைத் திறந்தால் வார்டே எழுந்து உட்காருகிறது. ஒரு பெரியவர், "தம்பி, சாமிக்குக் காது நல்லாவே கேக்கும்பா" என்று கும்பிட்டார். அவ்வளவு புகழ்.

நேற்று ஜன்னலோரக் கட்டிலில் உங்கம்மா படுத்திருந்தார். உன்னிடம் சாதாரணக் காய்ச்சல் என்றாராமே? காய்ச்சலுக்கு அந்த வார்டில் சேர்க்க மாட்டார்கள், மச்சான்.

கொடுத்த பன்னைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, "கண்ணு, உங்க சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்த சொல்லேன். நோவு போவணும்னு கேக்காத. எம்புள்ள ஓசூர்லருந்து வர்ற வரிக்கும் உசிரு இருந்தா போதும், அத்த கேளு. அவங்கிட்ட சொல்லிடாத, வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான்" என்றார்.

சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. இதை உன்னிடம் தரும் ஸ்டான்லி அண்ணன், எங்கள் சபை வேன் ஓட்டுபவர், வேனை உடனே செங்கல்பட்டுக்குத் திருப்பிக்கொண்டு வருகிறார். நீயும் அதில் ஏறிவிடு.

இன்னொன்று. வார்டே எழுந்து உட்காரும் என்று அளந்தேன் இல்லையா? உங்கம்மா பக்கத்தில் "ஆண்டவரே" என்றதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அழுதுவிட்டேன்டா. என் தலையைத் தடவிக்கொடுத்து, ஆமென் சொன்னதே உங்கம்மாதான்.

இப்படிக்கு,
உன் பக்கத்து வீட்டு வானரம்