மிதவைக்கும் ஒரு பாடு

இன்று காலை ஆய்வகத்தைத் திறந்ததும் சேற்று வாடையும் இறால் வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைத்தன. மாணவர்கள் உங்கள் நெட்டுக்குப்பத்திலிருந்து கொண்டுவந்த மிதவை மேசைமேல் கிடந்தது. ஒரு மாணவி முகத்தைச் சுளித்தபடி ஜன்னலைத் திறந்தாள். எனக்கோ சிரிப்பு வந்தது தலைவரே. நீங்களே உள்ளே வந்து நிற்பது போலிருந்தது.

நாம் சந்தித்ததும் இதே வாடையில்தானே. ஓர் ஆலை கழிமுகத்தில் விடும் சுடுநீர் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அளக்கும் வேலை எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தது. தண்ணீரின் சூட்டைப் பதிவு செய்யும் மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் அதைக் காணவில்லை. ஆலைப் பொறியாளர் போலீசுக்குப் போகக் கிளம்பினார். அதற்குள் அதை ஈரக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள்.

"உங்க பொருளு பத்திரமா கீது வாத்தியாரே. ஆனா நாங்க பாடு போடுற எடத்துல வுட்டுட்டு போய்ட்டீங்களே. வலை கிழிஞ்சா யாரு தைக்கிறது?"

பாடு என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் வழக்கம் என்று விளக்கினீர்கள். நான் வீராப்பாக அனுமதிக் கடிதங்களைப் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினீர்கள்.

"அல்லாரு சீலும் கீது. எங்க ஊரு மட்டும் இல்ல."

வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் அந்த இடத்தை விட்டால் ஆய்வே வீண். அங்கேதான் இறால் குறைந்துகொண்டு வந்தது. சுடுநீர்தான் காரணம் என்றீர்கள், ஆலை ஆதாரம் கேட்டது. அது கிடைக்காவிட்டால் நீங்கள் அந்த இடத்தையே கைவிட வேண்டியிருக்கும். ஊர்க்கூட்டத்தில் வழி சொன்னதும் நீங்கள்தான்.

"மிஷினு பேரையும் சீட்டுல எழுது."

"அது இன்னா மீனா புடிக்கும்?" என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது.

"அது நாள்ல அது சூட்டப் பாக்கட்டும். நம்ம நாள்ல நாம எறாவப் பாப்போம்."

அப்படியே நடந்தது. மிதவை அளந்த மறுநாள் அங்கே எவ்வளவு இறால் விழுந்தது என்று நீங்கள் போனில் சொல்வீர்கள். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தபோது, சூடு ஏறிய நாட்களுக்கு மறுநாளெல்லாம் இறால் சரிந்திருந்தது. ஆலைப் பொறியாளர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போனார். பிறகு தண்ணீரை ஆறவிட்டுத் திறக்கக் குளம் வெட்டினார்கள். ஆய்வறிக்கையில் உங்கள் பெயரைக் காட்டினேன்.

"பேரு ஷோக்கா கீது. எறா வருதா பாப்போம்."

வந்தது. ஒரு பை நிறைய எனக்கும் வந்தது.

போன மழைக்கு முன் நீங்கள் போய்விட்டீர்கள். கரையில் நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை. இந்த முறை உங்கள் சீட்டை என்ன செய்வது என்று ஊர் கேட்டதற்கு, "ஒரு நாளைக்கு மிஷினப் போடுங்க, அவரு சந்தோசப்படுவாரு" என்றார்களாம் உங்கள் வீட்டில் அண்ணி. உங்கள் நாளில் மிதந்துவிட்டு வந்த வாடைதான் இது.

அடுத்து அத்திப்பட்டில் மிதவை போடும் ஒரு வேலை. எல்லா அனுமதியும் தயார் என்றார் கம்பெனிக்காரர்.

"மிதவை போடுற அன்னிக்கு அந்த எடம் யாரோட மொறை?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார், அன்று நான் விழித்த மாதிரியே.