பின்னறையில் என் மகள் சம்பாதித்த காசு

அனுப்புநர்:
திருமதி ஷெரில் லியோனார்ட், பி.எஸ்சி.,
4, இரண்டாவது குறுக்குச் சந்து,
பெசன்ட் நகர், சென்னை – 600 090.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்,
அடையாறு, சென்னை – 600 020.

பொருள்: 'ரெயின்போ வீடியோ கேம்ஸ்' கடையின் பின்னறையில் சிறு பிள்ளைகளிடம் வேலை வாங்கி, அவர்கள் சேர்த்த விளையாட்டுக் காசை வெளியாருக்கு விற்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வீடு அடங்கிய பிறகு, இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும். காலைவரை பொறுக்க என்னால் முடியவில்லை.

1. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், மாடியில் மேற்படி கடை நடக்கிறது. உரிமையாளர் பெயர் திரு. குருபிரசாத். வெளியே 'கம்ப்யூட்டர் பயிற்சி' என்று பலகை. உள்ளே கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை, டி.வி.க்கள்தான். முன்னறையில் மணிக்கணக்கில் பணம் கட்டி ஆடும் கல்லூரிப் பையன்கள். திரைச்சீலைக்குப் பின்னால் இன்னோர் அறை. அங்கே உட்காரும் பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை. ஏன் வாங்குவதில்லை என்பதுதான் என் புகார்.

2. அந்த விளையாட்டைப் பற்றித் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நானும் போன வாரம்வரை அறியேன். ராட்சசப் பிராணி ஒன்றை வளர்த்து, மற்றவர்களின் பிராணியோடு மோதவிட வேண்டும். ஜெயித்தால் திரையில் தங்கக் காசு சேரும். அந்தக் காசில்தான் அதற்குத் தீனி, மருந்து, பயிற்சி எல்லாம். காசில்லாத பிராணி அடிவாங்கியே சாகும். பிராணியும் காசும் தீப்பெட்டி அளவு 'மெமரி கார்டு' ஒன்றில் பதிந்திருக்கும். பிள்ளைகளின் பெயரை ஒட்டி எல்லாக் கார்டுகளையும் கடைக்காரரே வைத்துக்கொள்கிறார். வீட்டுக்குக் கொடுப்பதில்லை.

3. என் மகள் ஜோனுக்கு வயது பத்து. விசாலாக்ஷி டீச்சர் வீட்டில் டியூஷன் என்று சொல்லிவிட்டு, பாதி நாள் இந்தப் பின்னறைக்குப் போயிருக்கிறாள். அதற்கு வீட்டில் தண்டனை கொடுத்தாயிற்று. அது எங்கள் பாடு. ஆனால் அங்கே அவள் ஆடியது விளையாட்டல்ல, ஐயா. சின்னச் சின்ன எதிரிகளை வரிசையாக அடித்துக் காசு சேர்ப்பது மட்டுமே அவளுக்குக் கொடுத்த வேலை. சேர்ந்ததைக் கடைக்காரர் முன்னறைப் பையன்களுக்கு ரூபாய்க்கு விற்கிறார். அவர்கள் கஷ்டப்படாமல் பலசாலிப் பிராணியோடு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் இறங்குகிறார்கள்.

இதற்கு ஒரு நியாயமும் வைத்திருக்கிறார். நேரில் போய்க் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னது: "போட்ல பங்கு பிரிக்கிறாங்க இல்ல மேடம், அதே சிஸ்டம்தான். மெஷினுக்கு ஒண்ணு, கார்டுக்கு ஒண்ணு, ஆடுற பிள்ளைக்கு ஒண்ணு."

எங்கள் தெரு தாண்டினால் ஊரூர் ஒல்காட் குப்பம். படகு கரையேறினால் எப்படிப் பங்கு பிரிப்பார்கள் என்று மீன் வாங்கப் போகிற எனக்குத் தெரியும். மணலில் உட்கார்ந்து, போனவர்கள் எல்லாரும் பார்த்திருக்கத்தான் பிரிக்கிறார்கள். படகுக்கும் வலைக்கும் போனது போக ஆளுக்கு உள்ளது அவர் கைக்கு வரும். ஜோனும் கூட வந்து அதைப் பார்த்தவள். அதனால்தான் கடைக்காரர் 'பங்கு' என்றதும் நம்பிவிட்டாள். இவர் கடையில் கரண்டுக்கு என்று கொஞ்சம், ஜாய்ஸ்டிக் தேய்ந்ததற்கு என்று கொஞ்சம், எல்லாம் பிள்ளையின் பங்கிலிருந்தே பிடிக்கிறார்கள். கேட்டால் கடையில் வேலை செய்யும் கபாலி என்பவர், "இன்னா பாப்பா, பேங்க் மேனேஜர் மாதிரி கணக்கு கேக்குற? சம்பளத்தோட லீவும் வேணுமா?" என்று எல்லாப் பிள்ளைகள் முன்பும் கேலி செய்வாராம்.

4. அப்படியும் அவள் கார்டில் விளையாட்டுக் காசாகவே கிள்ளிக் கிள்ளிக் கொடுத்த பங்கை அவள் செலவழிக்காமல் சேர்த்திருக்கிறாள். ஆமை போன்ற ஒரு பிராணி. 'புட்டு' என்று பெயர் வைத்திருக்கிறாள். அதற்கு நல்ல மருந்தும் ஓடும் வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஒரு தடவையாவது முன்னறையில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பது அவள் ஆசை.

கடந்த சனிக்கிழமை போய்த் தன் கார்டைக் கேட்டாள். அவள் பெயர் ஒட்டிய கார்டைத்தான் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. பெயர்ச் சீட்டை மட்டும் உரித்து ஒரு வெற்றுக் கார்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

திரைச்சீலையை விலக்கி வெளியே வந்தபோது, முன்னறை டி.வி.யில் புட்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஜாய்ஸ்டிக் ஒரு கல்லூரி மாணவர் கையில். மொத்தமாக விலை பேசி வாங்கியிருக்கிறார். வளர்த்த பாசம் அவருக்கு ஏது? அடிபட அடிபட மோதவிட்டிருக்கிறார். இவள் பக்கத்தில் போய் நின்று, "அண்ணா, அதுக்கு மருந்து குடுங்கண்ணா. காசு இருக்கு, நான் சேர்த்து வச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் அவள் என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

5. திரையில் தெரிகிற காசுதானே, இதற்கு ஒரு மனுவா என்று தங்களுக்குத் தோன்றலாம். வேறோர் அலுவலகத்தில் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ஐயா, அது பொய்க்காசு என்றால் கல்லூரி மாணவர் எதற்காக ரூபாய் கொடுத்தார்? கடைக்காரர் எதற்காக வாங்கிக்கொண்டார்? விற்கும்போது நிஜம், பிள்ளைக்குக் கொடுக்கும்போது மட்டும் விளையாட்டா?

கடைசியில் திரு. குருபிரசாத் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னதையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்: "உங்க பொண்ணுக்கு நல்ல கை மேடம். லீவு விட்டதும் காலையிலேயே அனுப்புங்க. ஒரு மாசத்துல அந்தப் பையன்கிட்டேர்ந்து திரும்ப வாங்கிடலாம்."

பெற்ற தாயிடமே ஆள் கேட்கிறார்.

6. அதோடு முடிந்திருந்தால் இந்த மனுவே எழுதியிருக்க மாட்டேன். இன்று மாலை ஜோனைக் காணவில்லை. மாதா கோவில், கடற்கரை என்று தேடிவிட்டுக் கடைசியில் அந்த மாடி ஏறினேன். பின்னறையில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு நடுவே, பழையபடி சின்ன எதிரிகளை அடித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சேர்ந்தா போதும் மம்மி. புட்டுவ குடுத்துடுவாங்க" என்றாள்.

தன்னிடமிருந்து எடுத்ததை மீட்க, எடுத்தவருக்கே உழைத்துக்கொண்டிருக்கிறாள். திட்டினேன், அடித்தேன், இழுத்துக்கொண்டு வந்தேன். நாளைக்கும் போவாள். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எத்தனை நாள் வாசலில் காவல் நிற்க முடியும்? மற்ற பிள்ளைகளின் தாய்மாருக்கு இது தெரியுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, தாங்கள் முன்னறிவிப்பின்றி அந்தப் பின்னறையைப் பார்வையிட வேண்டும். பயிற்சி மையம் என்ற பெயரில் இதை நடத்த அவருக்கு உரிமம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். பிள்ளைகளின் கார்டுகளை, அவற்றில் உள்ளது உள்ளபடி, பெற்றோரிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். புட்டு திரும்பக் கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. அதற்காக என் மகள் இனி ஒரு மணி நேரம்கூட அங்கே உட்காரக் கூடாது.

திங்கட்கிழமை பள்ளி விடுமுறை தொடங்குகிறது. தயவுசெய்து அதற்குள் பதில் போடுங்கள்.

இடம்: பெசன்ட் நகர், சென்னை
நாள்: 20.04.1999

நியாயம் கேட்கும்,
(ஒப்பம்) ஷெரில் லியோனார்ட்