அவளுடைய வாயும் என்னுடைய மிளகாயும்

மார்ச் 3, திங்கள்

இன்று கஞ்சி அடிப்பிடித்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் தீய்ந்த பாத்திரம் நன்றாக ஊறிவிட்டது. பரவாயில்லை. எழுபதைத் தாண்டி எழுதப் படித்தவன் மெதுவாகத்தான் எழுதுவான். மாலை வகுப்பு டீச்சர், “வீட்ல நடக்கறதை எழுதுங்க ஐயா, யாரும் திருத்த மாட்டோம்” என்றார். யாரும் திருத்தாத எழுத்து! லாரி ஓட்டின காலத்தில் பெயர்ப்பலகையின் நிறத்தை வைத்து ஊரை அடையாளம் கண்டவன் நான். இப்போது சொந்தமாக ஒரு வரி எழுதுகிறேன்.

ஆனால் வீட்டில் நடப்பது சந்தோஷமாக இல்லை. என் மனைவி சாப்பிட மாட்டேன் என்கிறாள். வாயில் வந்த கட்டிக்கு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி போய்விட்டது. வாயின் உட்புறம் தோல் உரிந்த மாதிரி கிடக்கிறது. இன்று எடை பார்த்தார் டாக்டர். “மறுபடி குறைஞ்சிருக்கு. மாசக் கடைசியிலயும் இறங்கினா, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்” என்றார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மூக்குல குழாயோட நான் இருக்க மாட்டேங்க.”

அதற்குமேல் பேசவில்லை. பேசினாலும் எரிகிறதாம். இனி சமையல் நான்.

மார்ச் 5, புதன்

பருப்பு வேகவைத்தேன். எண்ணெயில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப்போட்டு, பொரிந்ததும் ஒன்றுவிடாமல் எடுத்துத் தூரப் போட்டேன். மணம் இருக்கும், காரம் போய்விடும் என்று பெரிய கெட்டிக்காரத்தனம். ருசி பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆவி பறக்கக் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு வாய்தான் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்ததும் இன்னும் துடித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்தேன்.

“தாத்தா, காரம் எண்ணெயில இறங்கிடும். மிளகாயை எடுத்துட்டா போயிடுமா? தண்ணியும் அதைக் கழுவாது, வாய் முழுக்கப் பரப்பிவிடும். பால் குடுங்க, தயிர் குடுங்க. எதுவா இருந்தாலும் ஆறவச்சுக் குடுங்க. சூடும் காரமும் சேர்ந்தா ரெண்டு மடங்கு எரியும்.”

ஆயுசு முழுக்க மிளகாய் தின்றவன் நான். இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பால் மட்டும் குடித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

அவளுடைய தங்கை வந்தாள். என் மச்சினிக்கு வாய் கத்தரிக்கோல். நான் வேகவைத்திருந்த பூசணிக்காயை ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். போட்டதும் நாக்கை நீட்டிக்கொண்டு தயிரைத் தேடினாள்.

“என்னத்தைப் போட்டீங்க அத்தான்?”

“மிளகுதான், கொஞ்சம். அதெல்லாம் ஒரு காரமா? நான் ருசி பார்த்துட்டுத்தானே வச்சேன்.”

“உங்களுக்கு இருக்கறது நாக்கா? லாரி டயர்ல ஒரு துண்டு வெட்டி ஒட்டவச்சிருக்காங்க.”

சிரித்துவிட்டேன். என் மனைவியும் உதட்டைத் திறக்காமல் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து.

மச்சினி போன பிறகு யோசித்தேன். ஓட்டத்தில் கண் செருகினால் பச்சை மிளகாயைக் கடிப்போம். டிரைவர்கள் எல்லோருக்கும் சட்டைப் பையில் மிளகாய் இருக்கும். முதலில் ஒன்று கடித்தால் தூக்கம் பறக்கும். பிறகு இரண்டு வேண்டும். பிறகு எத்தனை கடித்தாலும் ஒன்றும் தெரியாது. அந்த நாக்கை வைத்தா அவளுக்கு ருசி பார்க்கிறேன்? முள் நகராத மீட்டரை நம்பி வண்டியை விரட்டுகிறேனோ?

மார்ச் 12, புதன்

மிளகாய் இல்லை, மிளகு இல்லை, இஞ்சி இல்லை. உருளைக்கிழங்கு, உப்பு, வெண்ணெய். நன்றாக ஆறவைத்துக் கட்டியில்லாமல் பிசைந்து கொடுத்தேன். நேற்றும் இதேதான். “நல்லா இருக்குங்க” என்றாள். நான் பால் காய்ச்சிவிட்டு வந்தபோது தட்டு காலி! இரண்டு நாளும் காலி!

மார்ச் 13, வியாழன்

குப்பைக் கூடையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். நான் பிசைந்த கிழங்கு. இரண்டு நாள் கிழங்கும் அப்படியே இருந்தது.

“ஏன் இப்படிப் பண்ற?” என்றேன்.

“நீங்க அவ்ளோ ஆசையா நிக்கறீங்க. எரியுதுன்னு எப்படிச் சொல்றது?”

உப்பும் வெண்ணெயும் எப்படி எரியும்? எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “சாக்கு சொல்லாத. குழாய்தான் வேணும்னா சொல்லிடு, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்” என்று கத்தினேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. கிட்டே உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்தேன் — கையால்தான் —

அலறிவிட்டாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. ரத்தமாகச் சிவந்துவிட்டது.

என் விரல். சற்றுமுன் எனக்கென்று பச்சை மிளகாய் கிள்ளிய விரல். தண்ணீரில் அலசினேனே, சுத்தமாகத்தானே இருந்தது? கிழங்கைப் பிசைந்ததும் இதே விரல்தான். நேற்றும், முந்தாநாளும். அவள் வாயில் காரத்தை வைத்தது நான்தானா? நானேதானா?

மார்ச் 14, வெள்ளி

கண் பரவாயில்லை. கையில் முதலில் எண்ணெய் தேய்க்க வேண்டுமாம், பிறகுதான் சோப்பாம். நர்ஸ் சொன்னார். மூன்று தடவை தேய்த்தேன்.

மச்சினியைக் கூப்பிட்டு மிளகாய், மிளகாய்த் தூள், காரம் ஊறிய மர அகப்பை எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

“நீங்க எதுக்கு விடணும்? உங்களுக்குத் தனியா வச்சுக்குங்க” என்றாள் மனைவி.

“தனியா வச்சுத்தானே உன் கண்ணைக் கெடுத்தேன்.”

இன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே சட்டி.

மார்ச் 17, திங்கள்

மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். திரும்ப உட்கார்ந்து தின்றேன். அவளும் தின்றாள். நாலு ஸ்பூன்.

மார்ச் 20, வியாழன்

மச்சினி சூப் பாக்கெட் வாங்கி வந்தாள். “கடைக்காரர் சத்தியம் பண்ணினாரு அத்தான், பொட்டுக் காரம் கிடையாதாம்.” நான் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தேன். மிளகுத் தூள். கடைசி வரியில், எறும்பு மாதிரி எழுத்தில்.

“அடடே, அத்தான் படிக்கறாரு” என்றாள். நான் அதை இன்னொரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். சூப்பை அவளே எடுத்துப் போனாள்.

மார்ச் 24, திங்கள்

தையல் மிஷின் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அவளுடைய ஜாக்கெட்டைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு முறை பிடித்தாள். இது இரண்டாவது.

மார்ச் 27, வியாழன்

மச்சினி வீட்டில் சாப்பிட்டேன். அவர்கள் வழக்கமாகத் தின்கிற கத்தரிக்காய்தான். வாயில் வைத்ததும் காது அடைத்துக்கொண்டது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர்.

“அத்தான், என்ன ஆச்சு?”

“எரியுது” என்றேன். “நல்லா எரியுது!”

வாய்விட்டுச் சிரித்தேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். தயிரை வாயில் அடக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். நாக்கு வந்துவிட்டது.

மாலையில் கேரட் வேகவைத்து, ஆறவைத்து, அவளுக்கு முன்னால் நான் ருசி பார்த்தேன். அடியில் எங்கோ ஒரு சுருக். மணத்துக்கென்று ஒரு சில்லு இஞ்சி போட்டிருந்தேன். கீழே கொட்டிவிட்டு மறுபடி வேகவைத்தேன். அதில் சுருக் இல்லை. அவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். இந்தத் தடவை நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

நாளைக்கு எடை. தயிர்சோறு, முட்டை, வாழைப்பழம் எல்லாம் உள்ளே போகிறது. ஆனால் நாலு நாள் சாப்பாடு போதுமா? “பை நிறைய கல்லைப் போட்டுக்கட்டுமா?” என்று கேட்கிறாள். கேலி செய்கிறாள்.

மார்ச் 31, திங்கள்

ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

டாக்டர் முள்ளை இரண்டு முறை பார்த்தார். “சரி, குழாய் இப்ப வேணாம். இப்படியே போகட்டும்” என்றார். அவள் என் கையைப் பிடித்தபடிதான் எடை மேடையிலிருந்து இறங்கினாள். பஸ் வரும்வரை விடவில்லை.

ஏப்ரல் 19, சனி

பூசணிக்காயில் ஒரே ஒரு மிளகைத் தட்டிப் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம், கொட்டிவிடலாம் என்றேன். “குடுங்க, ஒரு மிளகுக்கா இந்தப் பாடு? உப்புச் சப்பில்லாமத் தின்னு தின்னு எனக்கும் அலுத்துப்போச்சு” என்று தட்டை வாங்கிக்கொண்டாள். பாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அது தேவைப்படவில்லை.

இப்போது மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளேடால் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.