தாமோதரன் பங்கு

எல்லையம்மன் துணை

திருவொற்றியூர் குப்பம்,
6-2-1955

அன்புள்ள மகன் தாமோதரனுக்கு உன் நைனா கிருஷ்ணப்பன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை நீலா மூவரும் எல்லையம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீ சுகமா என்று அடுத்த வரியில் கேட்பது வழக்கம், இந்தத் தடவை அப்படிக் கேட்க எனக்கு முகம் இல்லை. கார்த்திகையில் நான் எழுதிய கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. மணியார்டர் மட்டும் தேதி தவறாமல் வந்தது, அதன் ஓரத்தில் விஷயம் எழுத விட்டிருக்கிற இடம் இரண்டு மாதமும் வெறுமையாக இருந்தது. உன் அம்மா அந்தத் துண்டை நீட்டி, என்ன எழுதியிருக்கிறான் படி என்று நின்றாள். நீலா தானாகவே, அம்மா நான் நலம், உன் கையால் வைத்த குழம்புதான் இங்கே இல்லை என்று இரண்டு வரி சேர்த்துப் படித்துக் காட்டினாள். பொய்தான், நான் தடுக்கவில்லை.

உன் அம்மா முன்போலவே கூடையைத் தூக்கிக்கொண்டு காலடிப்பேட்டை வரை போய் மீன் விற்று வருகிறாள், வேண்டாமென்றால் கேட்பதில்லை. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கடலுக்குப் போக வழியில்லை, கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை தைக்கிறேன். புதன்கிழமைதோறும் உன் படக்கதைப் புத்தகம் ரயிலில் வந்து காலடிப்பேட்டைக் கடையில் தொங்கும். நீலா வாங்கி வந்து வலைக் கொட்டகையில் உட்கார்ந்து படம் காட்டிப் படிப்பாள், குப்பமே கூடிவிடும். உன் சுக்கான் வீரன் போன வாரம் சுழலில் மாட்டிக்கொண்டதிலிருந்து பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. சுக்கானை இப்படி இடது கையால் பிடிக்கிறவன் எந்த ஊர்க் கடலோடி என்று கிழவர்கள் உன்னைத் திட்டுவார்கள், திட்டிவிட்டு, படத்தின் மூலையில் பொடி எழுத்தில் தாமு என்று நீ போடும் பெயரைத் தேடி விரல் வைத்துப் பார்ப்பார்கள். புத்தகத்தில் பெயர் வருகிறவன் பணக்காரன் என்பதில் இங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நீலாவைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கேட்டார்கள், அண்ணன்காரனுக்கு இதெல்லாம் வெற்றிலைபாக்குக் காசு என்றார்கள். இடம் தட்டிப் போனது, ஆனாலும் அந்தப் பேச்சை நான் உள்ளுக்குள் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். என் புத்தி அப்படி.

இந்தப் பெருமைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் துறைமுகத்தில் மூட்டை எண்ணி எழுதுகிற நம் கோதண்டம். பின் அட்டையில் வாரம் இருபதாயிரம் விற்கிறது என்று அச்சடித்திருக்கிறார்கள், விலை இரண்டணா, ஆக இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். கடலில் கட்டுமரத்துக்கு, வலைக்கு, போன ஆளுக்கு என்று பங்கு பிரிக்கிற மாதிரி, காகிதத்துக்கு ஒன்று, அச்சு மிஷினுக்கு ஒன்று, கடைக்காரனுக்கு ஒன்று, வரைந்த கைக்கு ஒன்று, ஆக நாலில் ஒரு பங்கு தாமுவுக்கு, வாரம் அறுநூற்று இருபத்தைந்து என்று சிலேட்டில் போட்டுக் காட்டினான். சுற்றி நின்ற ஒருவருக்கும் தப்புத் தெரியவில்லை. பங்கு இல்லாத உழைப்பு ஒன்று உண்டென்று எங்களுக்குத் தெரியாது. ஐப்பசிக் காற்றில் நம் குப்பத்தில் ஆறு மரம் உடைந்ததும் பட்டம்மாள் புருஷன் கடலோடு போனதும் முன்பே எழுதினேன். பஞ்சாயத்து கூடியபோது, யாரும் கேட்காமல் நானே எழுந்து, பட்டம்மாளுக்கு என் மகன் ஒரு கட்டுமரம் வாங்கித் தருவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, உன்னிடம் இருநூறு ரூபாய் கேட்டேன். பக்கத்துக்கு எட்டு ரூபாய், வாரம் இரண்டு பக்கம், என் வருமானம் அவ்வளவுதான் நைனா என்று நீ பதில் போட்டாய். வாரம் அறுநூறு வாங்கிக்கொண்டு மாதம் இருபத்தைந்து அனுப்புகிறவன், ஒரு தாலி அறுத்தவளுக்காகக் கேட்டதற்குக்கூடப் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கோதண்டம் போட்ட கணக்கையும் சொல்லி, உன்னைக் கடலில் போனவனாக எண்ணித் தலை முழுகிவிட்டேன் என்று எழுதி, வீட்டில் யாருக்கும் காட்டாமல் தபாலில் சேர்த்தேன். கரையில் ஒதுங்கிய பட்டம்மாள் புருஷன் உடலைத் தூக்கி வந்த கைதான் ஒரே மாதத்தில் அதை எழுதியது.

பொங்கலுக்கு முன்னால் ரகுபதி ஊருக்கு வந்தான். கப்பலில் கலாசியாகப் போகிறவன், பம்பாயில் கப்பல் நின்றால் நீ எப்பேர்ப்பட்ட வீட்டில் இருக்கிறாய் என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பியது நான்தான், உன்னிடம் அவன் அதைச் சொல்லியிருக்கமாட்டான். தாமு கீறது வூடே இல்ல நைனா, ஒரே ரூம்புல ஒம்போது பேரு, படிக்கட்டுக்குக் கீய பலகையப் போட்டுக்கினு வரையிறான் என்றான். நீ கூலி வாங்கப் போன அன்று கூடவே வந்தானாம். ஒரு படம் சரியில்லை என்று பதினாறு ரூபாயில் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்களாம், மையும் பிரஷும் உன் கைக்காசாம், காய்ச்சலில் படுத்தால் அந்த வாரம் ஒன்றுமில்லையாம். காசு எண்ணிக் கொடுக்குமுன் ஒரு இங்கிலீஷ் சீட்டில் கையெழுத்து வாங்கினார்களாம். அது என்ன என்று இவன் கேட்க, இந்தப் படம் இனி அவர்களுடையது, எத்தனை தடவை போட்டாலும் எந்தப் பாஷையில் போட்டாலும் எனக்குப் பாத்தியம் இல்லை என்று எழுதியிருக்கிறது என்று நீ சொன்னாயாம். அதே படத்தை மராத்தியில், குஜராத்தியில், இந்தியில் எல்லாம் போட்டு விற்கிறார்களாம், நாலு பாஷைக்கும் ஒரே கூலியாம். வாசலில் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சுக்கான் வீரன் வரைகிறவரைப் பார்க்க நின்றார்களாம், உன்னையே பிடித்து, அவர் எந்தக் காரில் வருவார் என்று கேட்டார்களாம், அவர் இப்போதுதான் போனார் என்று சொல்லிவிட்டு நீ பிய்ந்த செருப்போடு நடந்தாயாம். அந்தப் பிள்ளைகள் எழுதுகிற கடிதங்களுக்கெல்லாம் கார்டு வாங்கிப் பதில் போடுகிறாயாம், எனக்குத்தான் போடவில்லை, நியாயம்தான். நைனாவுக்கு என்ன சொல்ல என்று ரகுபதி கேட்டதற்கு, நைனா போட்ட கணக்கு தப்பில்ல, அது நம்ம கடல் கணக்கு, இங்க அது செல்லாதுன்னு சொல்லு என்றாயாம். அதைக் கேட்டு நான் எழுந்து கடல் பக்கம் போய்விட்டேன். மாதம் அறுபத்து நாலு சம்பாதித்து அதில் இருபத்தைந்தை அனுப்பியிருக்கிறாய் மகனே, அந்தக் கையைத்தான் நான் திட்டினேன்.

மறுவாரப் பஞ்சாயத்தில் எழுந்து, என் மகன் பொய் சொல்லவில்லை, நான்தான் இல்லாத பணத்துக்கு வாக்குக் கொடுத்தேன் என்றேன், ரகுபதி சொன்னதையெல்லாம் சொன்னேன். பட்டம்மாளுக்குச் சொன்ன மரத்துக்குப் பதிலாக நம் மரத்தையே கொடுத்துவிட்டேன், வாக்குக் கொடுத்தது நான், நீ அல்ல. கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டு சிலேட்டுக் குச்சியை உருட்டிக்கொண்டிருந்தான். இப்போது இரண்டு பேராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. பட்டம்மாள்தான் பேசினாள். வலைய இஸ்த்தவனுக்குப் பங்கு இல்லன்னா அது இன்னா வலை என்றாள். எங்க வூட்டுக்காரரு போனதுலேர்ந்து என் புள்ளைங்க சிரிக்கிறது அந்தப் புஸ்தகத்தைப் படிக்கிற அன்னிக்குத்தான், அவன் இஸ்த்த வலையில நாம அல்லாரும் துன்னுகினு கீறோம், அவனுக்குப் பங்கு குட்த்தமா என்று கேட்டாள். ஊர்ப் பெரியவர் தேசப்பன், நாளைக்குக் கரைவலையில ஒரு ஆள் பங்கு தாமுக்கு எட்த்து வையி, இனிமே மாசம் ஒரு தபா அப்டியே என்றார்.

மறுநாள் வலை ஏறியது, சுமாரான மீன்தான். பங்கு பிரிக்கும்போது பெயர் கூப்பிடுவதும், ஆள் காய்ச்சலிலோ வெளியூரிலோ இருந்தால் வீட்டார் யாராவது கீறான் என்று குரல் கொடுத்து வாங்குவதும் உனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்காக நீயே நைனா கீறாரு என்று கத்தி வாங்கி வந்திருக்கிறாய். ஐப்பசிக்குப் பிறகு பட்டம்மாள் புருஷன் பெயரைக் கூப்பிடுவதில்லை. தேசப்பன் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, தாமோதரன் பங்கு என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். உன்னைக் கடலில் போனவன் என்று எழுதியவன் எந்த வாயால் குரல் கொடுப்பது? நான் எழுதியது உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் தலைக்கூடையை இறக்காமலே கீறான் என்றாள். காற்றில் கேட்டிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் உரக்க, கீறான் என்றாள்.

அந்த வார்த்தையை நான் எழுதியிருக்கக் கூடாது தாமு. அந்தக் கடிதம் இன்னும் உன்னிடம் இருந்தால் அடுப்பில் போட்டுவிடு. இனி எங்களுக்குப் பணம் அனுப்பாதே, உன் அம்மாவின் கூடையும் என் வலை ஊசியும் மூன்று வயிற்றுக்குப் போதும். இரண்டு வேளையும் சாப்பிடு. படிக்கட்டுக்கு அடியில் வெளிச்சம் போதாது, பலகையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள், கண் போனால் உன் முதலாளி கண் தரமாட்டார். அவரிடம் மரியாதையாகவே கேட்டுப் பார், மற்ற மூன்று பாஷையில் விற்பதற்காவது ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று. கொடுக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது, இருந்தாலும் கேள். சுக்கான் வீரனைச் சுழலிலிருந்து சீக்கிரம் வெளியே கொண்டு வா, பட்டம்மாளின் சின்னவன் தினமும் வந்து என்னைக் கேட்கிறான்.

எல்லையம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் குறையாத கைத்திறனும் கொடுக்கட்டும். உன் அம்மாவும் நீலாவும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். மறக்காமல் ஒன்று செய். உன் பங்கு மூன்று ரூபாய் ஆறணா நாளை மணியார்டரில் புறப்படுகிறது, அனுப்பும் செலவைக் கோதண்டம் தன் தப்புக் கணக்குக்கு அபராதமாகக் கட்டுகிறான். தர்மம் என்று எண்ணித் திருப்பிவிடாதே, பங்கைத் திருப்பினால் குப்பத்தையே வேண்டாம் என்றதாகும். உனக்குப் பாத்தியம் இல்லை என்று வாரா வாரம் கையெழுத்துப் போடுகிறாய், இது உன் பாத்தியம் உனக்கு வந்தது என்று போடுகிற கையெழுத்து. நீ கையெழுத்துப் போட்ட துண்டு தபாலில் என் கைக்குத் திரும்பி வரும். கோபம் ஆறவில்லையென்றால் கடிதம் எழுத வேண்டாம், அந்தக் கையெழுத்து வந்தால் போதும். அடுத்த தடவை உன் பெயரைக் கூப்பிடும்போது உன் அம்மாவை முந்திக்கொண்டு நான் குரல் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் நைனா
சி. கிருஷ்ணப்பன்