வாசலில் நின்ற வளையம்

3 நவம்பர் 2003, திங்கள்

விரலெல்லாம் பிசின். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் போகவில்லை. பேனையும் ஒட்டுகிறது. அதுகூடச் சந்தோசமாக இருக்கிறது.

பூக்கடையில் இரண்டாவது கிழமை தொடங்கிவிட்டது. வேலை அலுவலகம் என்னை எட்டுக் கிழமைப் பயிற்சிக்கு இங்கே அனுப்பியபோது அப்பா பகிடி விட்டார்: "பூவோட கதைக்கத் தேவையில்லைத்தானே. உனக்கெண்டே செய்த வேலை." பதின்மூன்று வயதில் ஜெர்மனிக்கு, இந்தக் கொலோனுக்கு வந்தவள் நான். டொச் மொழியும் ஓடவில்லை, டொச்சில் கணக்கும் ஓடவில்லை. ஒன்பதாம் வகுப்போடு ஜூலையில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் கோப்பை கழுவுகிறதுதான் என் உத்தியோகம்.

கடைக்காரி ப்ரௌ ஷ்மிட்ஸ். மூக்குக் கண்ணாடியைத் தலையில் செருகிவிட்டுக் கடை முழுக்கத் தேடுவார். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் மெழுகுதிரி கொளுத்தி மேசையில் வைக்கிற அட்வென்ட் வளையம் கட்ட இன்று காட்டித் தந்தார். வைக்கோலில் செய்த வட்டம். அதன் மேல் விரல் நீளத்துக்கு வெட்டிய ஊசியிலைக் கிளைகளைச் சின்னச் சின்னப் பிடியாக வைத்து, கம்பியால் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அடுத்த பிடி முந்தினதின் காம்பை மறைக்க வேண்டும்.

இன்று கடையில் நான் பேசியது ஏழு சொல். அதில் நாலு "யா", அதாவது ஓம்.

8 நவம்பர், சனி

முதல் வளையம் மாங்கொட்டை மாதிரி வந்தது. அங்கே வேலை செய்யும் பேர்பெல் அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஐந்தாவது வட்டமாக வந்தது!

கஷ்டம் கடைசிப் பிடியில்தான். அதை முதல் பிடியின் தலைக்குக் கீழே நுழைக்க வேண்டும். எங்கே தொடங்கினது, எங்கே முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. ப்ரௌ ஷ்மிட்ஸ் என் வளையத்தை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கே?" என்று கேட்டார். அவருக்கே தெரியவில்லை. நான் விரலால் காட்டினேன்.

14 நவம்பர், வெள்ளி

இன்று ஆறு வளையம். உலர்ந்த தோடம்பழத் துண்டுகளும் கறுவாப்பட்டையும் வைத்துக் கட்டினேன். ட்ராமில் என் கையிலிருந்து எங்கள் வீட்டுக் குசினி அலுமாரி மணம் வந்தது.

19 நவம்பர், புதன்

வருகிற ஞாயிறு இறந்தவர்களை நினைக்கிற நாள். இந்தக் கிழமை முழுக்கக் கல்லறைக்கு வைக்கிற வளையங்கள். மெழுகுதிரி இல்லை, கறுவா இல்லை. பாசியும் ஊசியிலை மரத்தின் காய்ந்த கூம்புகளும் மட்டும். ஒன்பது கட்டினேன். வடிவாகத்தான் இருந்தன.

வீட்டில் அம்மா கேட்டார், "இண்டைக்கு என்ன பிள்ளை கட்டினனி?"

"பூ அம்மா."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

22 நவம்பர், சனி

இன்று கடையில் அட்வென்ட் கண்காட்சி. கதவு திறந்தபடி. ஆட்கள், ஆட்கள், ஆட்கள். பேர்பெல் வைக்கோல் நட்சத்திரங்களை நூலில் கட்டிக் கூரை முழுக்கத் தொங்கவிட்டிருந்தாள். நான் பின்னுக்கு வாளிகளுக்குப் பக்கத்தில் ஒளித்துக்கொண்டேன்.

ஒரு மனிசி என் வளையத்தைத் தூக்கினா. சிவப்பு ரிபன் போட்டது. வைத்தா. வேறொன்றைப் பார்த்தா. திரும்பி வந்து என்னுடையதையே எடுத்தா. நான் வாளிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

என் வளையம் இப்போது முன்பின் தெரியாத ஒரு வீட்டு மேசையில் இருக்கிறது. நான் அங்கே இல்லை, ஆனால் இருக்கிறேன். எழுத வரவில்லை. சந்தோசம்.

25 நவம்பர், செவ்வாய்

அவசரத்தில் எழுத்து கோணல்.

ப்ரௌ ஷ்மிட்ஸ் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். வருகிற ஓகஸ்ட்டில் இருந்து ஒரு அவுஸ்பில்டுங் இடம் இருக்கிறதாம். மூன்று வருடம் முறையாகப் பூக்கட்டும் தொழில் படித்து, சான்றிதழோடு வெளியே வரலாம். எனக்குத் தரப் போகிறாராம். எனக்கு! "கதைப்பது பிறகு வரும், கை உனக்கு இப்போதே இருக்கிறது" என்றார்.

எனக்குப் பதினெட்டு ஆகாதபடியால் அம்மா, அப்பா இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். இன்னொரு பிள்ளையும் கேட்டிருக்கிறாளாம். டிசம்பர் 20க்குள் பத்திரம் வராவிட்டால் இடம் அவளுக்கு.

அப்பா ரெஸ்ரோறன்ற் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டபடியே குனிந்து கையெழுத்து வைத்தார். "நான் பன்ரெண்டு வருசமா இந்த ஊரில கத்திக் கதைச்சும் குசினிக்குள்ளதான் நிக்கிறன். இவள் வாய் திறக்காமலே இடம் பிடிச்சிட்டாள்."

அம்மாவுக்கும் சிரிப்பு. "பூ வேலை. லட்சுமி கடாட்சமான வேலை. ஆனா இப்ப வைக்கமாட்டன். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நல்ல நேரம். குளிச்சுச் சாமி கும்பிட்டிட்டு வைக்கிறன்."

பத்திரம் சாமிப்படத்துக்கு முன்னால் இருக்கிறது. கீழே இரண்டு கோடு. ஒன்றில் யோகலிங்கம். மற்றது வெறுமை. ஐந்து நாள்தானே.

29 நவம்பர், சனி

ஏன் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தேன்.

கடை வழக்கம் ஒன்று இருக்கிறது. அட்வென்ட் தொடங்க முந்தின சனி எல்லோரும் தங்கள் வீட்டுக்கென்று ஒரு வளையம் கட்டிக்கொண்டு போவார்கள். நான் இரண்டு மணித்தியாலம் எடுத்துக் கட்டினேன். நாலு சிவப்பு மெழுகுதிரி, கறுவா, தோடம்பழம். ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கிழவி பார்த்துத் தலையாட்டினா. அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அம்மா கதவைத் திறந்தார். முகம் மாறிப்போச்சு.

"அதிலயே நில்லு. உள்ள வராதை. உது என்ன?"

"கிறிஸ்மஸ் வளையம் அம்மா. மேசையில வைக்கிறது."

"செத்தவீட்டில வைக்கிறதை மேசையில வைச்சு, பக்கத்தில இருந்து சோறு தின்னச் சொல்லுறியோ? நாலு மெழுகுதிரி வேற. தலைமாட்டுக்கு ரெண்டு, கால்மாட்டுக்கு ரெண்டோ?"

இது வேற அம்மா, இது வெளிச்சத்துக்கு, ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொண்டாக் கொளுத்துறது. எல்லாம் மனதுக்குள் சொன்னேன்.

"செத்தவைக்கும் கட்டினனியோ அங்க?"

நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

"நீ சொல்லாட்டில் என்ன, உன்ர முகம் சொல்லுது. கலியாணம் கட்டவேண்டிய பிள்ளை, பிணத்துக்கு வளையம் கட்டிப்போட்டு வந்து என்ர குசினிக்குள்ள கை வைச்சிருக்கு."

வளையத்தைக் கீழே கெல்லர் என்கிற நிலவறைக்குக் கொண்டுபோய், சைக்கிளுக்குப் பின்னால் வைத்தேன். இருட்டுக்குள்ளும் மணத்தது.

30 நவம்பர், ஞாயிறு

பத்தரை வந்தது. அம்மா குளித்தார், சாமி கும்பிட்டார். பத்திரத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் புட்டு அவிக்கப் போனார்.

1 டிசம்பர், திங்கள்

"முதல் மெழுகுதிரியைக் கொளுத்தினாயா?" என்று ப்ரௌ ஷ்மிட்ஸ் கேட்டார். "யா" என்றேன். இன்று பேசிய ஒரே சொல் அதுதான். அதுவும் பொய்.

4 டிசம்பர், வியாழன்

அப்பா அம்மாவிடம் கதைத்துப் பார்த்தார். "மகாதேவி, ஊருக்கு ஒரு வழக்கமெல்லோ."

"அப்ப நீங்களே உங்கட வழக்கத்தில சமைச்சுத் தின்னுங்கோ."

அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார்.

6 டிசம்பர், சனி

வேலைச் சப்பாத்தைப் போடப் போனால் உள்ளே சொக்கிலேற்றும் ஒரு சின்னப் பெட்டி கடலைக்கொட்டையும்! எல்லோருடைய சப்பாத்துக்குள்ளும். இந்த நாளில் பிள்ளைகளின் சப்பாத்துக்குள் இனிப்புப் போடுகிற நிக்கோலாஸ் வந்து போட்டாராம். ப்ரௌ ஷ்மிட்ஸ் ஒன்றும் தெரியாத மாதிரிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது தலையில் இருந்தது. "தலையில்" என்று நான் சொன்னேன். நானாக, கேட்காமல் சொன்னேன். பேர்பெல் கைதட்டினாள்.

இந்தக் கடையை விட எனக்கு ஏலாது. இன்னும் பதினாலு நாள்.

7 டிசம்பர், ஞாயிறு

எல்லாவற்றையும் மறக்கமுதல் எழுத வேண்டும்.

இன்று இரண்டாம் அட்வென்ட். எங்களுக்கு விளக்கீடு, கார்த்திகைத் தீபம். படிக்கட்டில் நெருப்பு வைக்கக்கூடாது என்று வீட்டுப் பொறுப்பாளர் போன வருடமே தாள் ஒட்டிவிட்டார். அதனால் நாலரைக்கு இருட்டத் தொடங்க, அம்மா பல்கனியில் பன்னிரண்டு சுட்டி விளக்கு வைத்தார். எண்ணெய், திரி எல்லாம் சரி. காத்துத்தான் சரியில்லை. முதலாவதைக் கொளுத்தி மூன்றாவதுக்கு வர முதலாவது நூர்ந்துவிடும். அப்பா பெட்ஷீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவர் முகத்திலேயே அடித்தது.

"விளக்கீட்டண்டு விளக்கு நிக்குதில்லை," என்றார் அம்மா. கோபமாக இல்லை. அழுகிற குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கீழே ஓடினேன். வளையத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். மூச்சு இரைத்தது. கிளை நெருப்புப் பிடிக்காமல் இருக்கக் குழாயில் பிடித்து நன்றாக நனைத்தேன். கேட்டால் விடமாட்டார் என்று கேட்காமலே பல்கனி மூலையில் நிலத்தில் வைத்தேன். மெழுகுதிரிகளைக் கழற்றிப்போட்டு, நடு வட்டத்துக்குள் சுட்டிகளை வைத்தேன். ஐந்து கொண்டது.

"இப்ப கொளுத்துங்கோ அம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். நெருப்புப்பெட்டியைப் பார்த்தார். குந்தியிருந்து கொளுத்தினார்.

நின்றது! ஐந்தும் நின்றது. கிளைகள் காற்றில் ஆடின, சுடர் ஆடவில்லை. பச்சை வட்டத்துக்குள் ஐந்து சுடர். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பிள்ளை வந்து பார்த்தது.

எண்ணெய் முடிய, நான் வளையத்தைக் கீழே கொண்டுபோகக் குனிந்தேன். "கிடக்கட்டும்" என்று சொல்லி அம்மா தானே தூக்கி உள்ளே கொண்டுவந்தார். மேசையில் வைத்தார்! மெழுகுதிரிகளைத் திருப்பிக் குத்தினேன். நாலையும் கொளுத்தினார்.

"இண்டைக்கு ரெண்டுதான் அம்மா. கிழமைக்கு ஒண்டு."

"விளக்கீட்டண்டு ரெண்டை இருட்டில விடுறதோ? என்ர வீட்டில நடவாது."

பிறகு அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். பேனையும் எடுத்தார்.

"இப்பிடி விளக்குக்குக் கட்டுறதெண்டால் கட்டு. மற்றதைத் தொடமாட்டாய்தானே?"

பேனை கோட்டில் இருந்தது. நான் பேசாமல் நின்றிருந்தால் போதும். பேசாமல் நிற்பதுதானே எனக்கு வரும். ஓம் என்று எடுத்திருப்பார்.

"தொடுவன் அம்மா," என்றேன். "அதுவும் அந்த வேலைதான். நான் கட்டாட்டில் வேற ஆரோ கட்டவேணும். கல்லறைக்கும் வடிவாத்தான் கட்டுவன்."

அம்மா பேனையை மூடி வைத்தார்.

8 டிசம்பர், திங்கள்

ஏன் சொன்னனான்? வாழ்க்கையில ஒருநாள் வாய் திறந்தன், அதுக்கும் இப்பிடி.

ஆனால் திரும்பக் கேட்டாலும் அதையே சொல்லுவேன் என்று நினைக்கிறேன்.

13 டிசம்பர், சனி

காலையில் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டேன். அது பெரிய விசயமாகும் என்று தெரியாது.

பத்து மணிக்கு ஒரு கிழவர் வந்தார். மனைவி போன கிழமை இறந்தாராம். வளையத்தில் கறுவாவும் வைக்க முடியுமா, அவ கறுவாப் பணியாரம் சுடுகிறவ என்று கேட்டார். பேர்பெல் வெளியே. ப்ரௌ ஷ்மிட்ஸ் டெலிபோனில். நான்தான் நின்றேன். "முடியும்," என்றேன். "எவ்வளவு?" "அவ கொஞ்சமாகத்தான் போடுவா" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே கட்டினேன். கடைசிப் பிடியை நுழைத்ததும் அழுதார். என் பிசின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். நான் விடுவிக்கவில்லை.

நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே அம்மா. கையில் சாப்பாட்டுப் பெட்டி. எவ்வளவு நேரம் நின்றாரோ. உள்ளே வரவில்லை, பெட்டியைக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் சோறு போடும்போது கேட்டார்.

"அந்த மனுசன் ஏன் அழுதவர்?"

"மனிசிக்கு வளையம் கட்டிக் குடுத்தனான்."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். "அதுக்குப் பிறகு கை கழுவினனியோ?"

"கழுவினனான்."

"கை மட்டும் கழுவினாக் காணாது."

என் கோப்பையில் கறியை விட்டார்.

17 டிசம்பர், புதன்

மூன்று நாள்தான். அம்மா ஏதோ யோசிக்கிறார். நான் கேட்கப் பயந்து, மாலை முழுக்க வைக்கோல் நட்சத்திரம் செய்தேன். பதினொன்று.

19 டிசம்பர், வெள்ளி

கதவைத் தட்ட முதலே திறந்தது.

"இண்டைக்கு என்ன கட்டினனி?"

"மேசைக்கு மூண்டு. கல்லறைக்கு ரெண்டு."

"அப்ப ஒண்டிலயும் முட்டாமல் நேர குளிக்கிற அறைக்குப் போ. தலைக்கும் வார்க்கவேணும். முழுகிப்போட்டுத்தான் குசினிக்கு வரலாம். ஊரில செத்தவீட்டால வந்தால் என்ன செய்யிறது? அதுதான். உனக்கு மட்டும் புதுச் சட்டமோ?"

உள்ளே துவாய் மடித்து வைத்திருந்தது. மாற்றுச் சட்டை. உடுப்புத் தோய்க்கும் மெசினின் மேல் ஒரு புதுப் பெட்டி: தலை காயவைக்கிற மெசின். நாங்கள் ஒருநாளும் வாங்காத சாமான்.

கதவுக்கு வெளியிலிருந்து குரல்: "ஈரத்தோட வராதை. தடிமன் பிடிச்சால் ஆர் போய் வளையம் கட்டுறது?"

சூடான காற்றைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். மெசின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது.

20 டிசம்பர், சனி

ப்ரௌ ஷ்மிட்ஸ் பத்திரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அப்பாவின் கோடு ஆங்கில எழுத்தில். மற்றக் கோட்டில் அம்மா நேற்றிரவு தமிழில் கையெழுத்து வைத்திருந்தார். "இது எப்படி வாசிப்பது?" என்று கேட்டார். கடையில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"மகாதேவி," என்றேன். பின்னுக்கு நின்ற மனிசிக்கும் கேட்டிருக்கும்.

இன்று கல்லறைக்கு நாலு. முழுகிவிட்டு வந்து எழுதுகிறேன். தலை காய்ந்துவிட்டது, விரலில் பிசின் மட்டும் அப்படியே.