மூன்று துளித் தண்ணீர்

கோபத்தில் இருக்கிற என் தம்பிக்கு,

சமாதானம் சொல்லி அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் நேற்று கிடைத்தது. நலமா என்றுகூடக் கேட்காமல், விவரம் அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எந்த வசனத்தில் இருக்கிறது என்றுதான் ஆரம்பித்திருந்தாய். பரவாயில்லை. முதலில் நல்ல செய்தி. உன் மகள் ஆயிரத்து அறுநூறு கிராம் தொட்டுவிட்டாள். மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்து ஒன்பது நாள் ஆகிறது. பால் குடிக்கும்போதே தூங்கிப்போகிறாள். உள்ளங்காலைச் சுண்டினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி குடிக்கிறாள். வார்டில் எல்லோருக்கும் அவள் 'பொடிசு'. சுளிப்பு அப்படியே உன்னுடையது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், நான்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். பிறந்த மூன்றாம் நாள், மதியம். இருபத்தொன்பது வாரத்தில் பிறந்த பிள்ளை. திரையில் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிஸ்டர், வீட்ல சொல்லிடுங்க என்றார். இருபது வருடமாக இந்த வார்டு நர்ஸாக அந்தச் சொல்லை நான் மற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அன்று எனக்கே வந்தது. உன் கப்பலுக்கு மூன்று தடவை போட்டும் லைன் கிடைக்கவில்லை. ஊசிமருந்து கலக்கிற தண்ணீர்க் குப்பி ஒன்றை உடைத்து, சிரிஞ்சில் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கி, நெற்றியில் மூன்று துளி விட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால். அவ்வளவுதான். ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம் என்று சபை எனக்குச் சொல்லித்தந்திருக்கிறது.

அந்தத் தண்ணீரால்தான் பிழைத்தாள் என்று நான் சொல்லமாட்டேன். மருந்தும் மெஷினும் அவற்றின் வேலையைச் செய்தன. எல்லாவற்றுக்கும் மேலே கர்த்தர் இருந்தார்.

மனுஷருடைய பாரம்பரியம் என்று மூன்று இடத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறாய். சிறைக்காவலன் தன் வீட்டார் எல்லோரோடும் ஞானஸ்நானம் பெற்றதாக வேதத்தில் இருக்கிறதே, அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா? இருந்தது என்று நானும் சொல்ல முடியாது, இல்லை என்று நீயும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் அங்கே போகவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். புதிய ஏற்பாட்டில் இருபத்தேழு புத்தகம் என்று எந்த வசனத்தில் இருக்கிறது? இது வேதம், இது வேதமில்லை என்று பிரித்தெடுத்து, கையாலேயே நகலெடுத்து, உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி, இன்று கப்பலின் இன்ஜின் அறைவரைக்கும் உன் கையில் வந்து சேரும்படி செய்தது யார்? நீ வேண்டாம் என்று விட்டுவந்த அந்தப் பழைய சபைதானே? தாயை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு அவள் எழுதிவைத்த கடிதத்தை மட்டும் மடியில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சபை சொன்னதெல்லாம் சரி என்று சாதிக்கவும் மாட்டேன். என் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தபோது, ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று பங்குச் சாமியார் கதவைச் சாத்தினார். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. சிறுபிள்ளைகளைத் தடுக்க வேண்டாம் என்று ஆண்டவர் சொன்ன பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இதுல எங்க ஃபாதர் கேட் போட்டிருக்கு என்று அவர் வாசலில் நின்றாயே. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துச் சாவி வந்தது. அடுத்த மாதமே நீ டயர் கடை மாடியில் கூடும் உன் சபைக்குப் போய்விட்டாய். நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அன்றைக்கு வேதம் உன் பக்கம் இருந்தது, எனக்குத் தெரியும்.

இப்போது சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். இனி உன் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று எனக்கு எழுதிவிட்டு, உன் மனைவியை மட்டும் ஏமாந்த அப்பாவி என்று எழுதியிருக்கிறாய். தம்பி, கேட்டது அவள்தான். வயிற்றுத் தையலோடு சக்கர நாற்காலியில் வந்து, கண்ணாடிப் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, அண்ணி, நீங்களே ஊத்திடுங்க, நான் கேட்டது அவருக்குத் தெரிய வேணாம், என் விசுவாசம் இவ்வளவுதானான்னு நினைப்பார் என்று அழுதாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இன்று மீறுகிறேன். ஏனென்றால் உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்குப் பயந்து வாழ்கிற பெண்ணுக்கு நீ எந்த வசனத்தைப் பிரசங்கித்தாலும் காதில் ஏறாது. என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு, தாங்குவேன். அவளிடம் ஒரு வார்த்தை கடினமாகப் பேசாதே.

இரண்டு வாரத்தில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன் கப்பலும் அதற்குள் கரை சேரும் என்கிறார்கள். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அது உன் உரிமை, அதை நான் தொடவில்லை. வந்து, வேதத்தைத் திறந்து வைத்து, உன் முறைப்படியே ஜெபம் செய்து பெயர் வை. நான் ஆமென் சொல்கிறேன். வளர்ந்தபின், நானே முடிவெடுத்துத் தண்ணீரில் இறங்குகிறேன் என்று அவள் சொன்னால், ஒருவருக்கு இரண்டாவது ஞானஸ்நானத்தை எங்கள் சபை ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் கரையில் துண்டோடு நிற்கப்போவது இந்த அத்தைதான்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் முதலில் பிள்ளையைத் தூக்கு. அவள் கழுத்து இன்னும் நிற்கவில்லை. தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கு.

உன் அக்கா