யாருக்குத் தண்ணீர் ஊற்றுவது?

என் வாயாடித் தங்கச்சி கலாவுக்கு,

நீ இருக்கும்போது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில் நீ, ரெண்டு தெரு தள்ளிப் புருஷன் வீட்டில் நான். எழுத என்ன இருந்தது? போனில் சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. அம்மாவைப் பற்றிச் சொல்லி அழ உன்னை விட்டால் எனக்கு யாரடி இருக்கிறார்கள்?

நீ கார்த்திகையில் போனாய். ஆடி வந்துவிட்டது. நம் வீட்டில் இன்னும் தாளிப்பதில்லை. அம்மா தினமும் புதுசாக வேப்பிலை ஒடித்து வாசலில் செருகுகிறாள், தலை சீவுவதில்லை, வெளியாள் யாரையும் உள்ளே விடுவதில்லை. நைனா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார்.

உனக்குக் காய்ச்சலடித்து உடம்பெல்லாம் சிவப்பு சிவப்பாகப் பூத்தபோது, அது அம்மை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அம்மை போட்ட வீட்டில் ஊசி மாத்திரை கிடையாது. மாரியாத்தா வந்திருக்கிறாள், அவளே இறங்கிப் போவாள். நீயும்தான் மோரைக் குடித்துவிட்டு, "ஆத்தாளே லீவு குடுத்துட்டா, கடைக்குப் போவ வேணாம்" என்று சிரித்தாய். டெங்கு என்று தெரிந்தபோது உனக்கு நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மாவைப் பார்த்து, "நீங்கதாம்மா லேட் பண்ணிட்டீங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு வார்த்தையோடு அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

அம்மை இறங்கினால் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றி ஆத்தாவை அனுப்பி வைப்போம் இல்லையா? உனக்கு அது நடக்கவேயில்லை. அதனால் ஆத்தா இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறாள் என்று அம்மா நினைக்கிறாள். இருக்கிறவளோடு பேச்சும் இல்லை. விளக்கேற்றிப் பார்த்து எத்தனை மாதமாகிறது! அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ் ஆரன் அடித்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

என் வீட்டுக்காரர் விசாரித்து, வெளியூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனார். அந்த ஆலோசகர் அன்பாகத்தான் பேசினார். "அது வைரஸ்மா, சாமியெல்லாம் வரல. மொதல்ல அந்த வேப்பிலைய எடுங்க, மனசு தானா மாறும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் நைனா வேப்பிலையைப் பிய்த்துப் போட்டார். அம்மா அன்றோடு சோற்றையும் நிறுத்திவிட்டாள். கடைசியில் நைனாவே போய் வேப்பிலை ஒடித்துவந்து செருகினார். அவரைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பானு மேடமிடம் போகிறோம். நம் ஊர் முஸ்லிம் வீட்டுப் பெண், மனநலம் படித்தவர். எடுத்த எடுப்பில் அம்மாவிடம், "ஒங்களுக்கு மாரியாத்தா மேல கோவமாம்மா?" என்றார். பெற்ற பெண் நான், எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை பார்.

அம்மா தலை நிமிர்ந்தாள். "எங்க ஆத்தாளப் பத்தி ஒங்களுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதும்மா. நீங்கதான் சொல்லணும்."

"கோவம் இல்லாம? வூட்டுக்கு வந்தவள ஒரு கொறையும் இல்லாம பாத்துக்கினேன். எம்பொண்ணத் தூக்கினு பூட்டா."

நீ போன பிறகு அம்மா சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆனால் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, எலும்பும் தோலுமாக இருக்கிறாள். மேடம் அனுப்பிவைத்த டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறாள். "ஆத்தா வூட்ல இருக்கசொல மாத்திர போடக் கூடாது." மேடம் அதை மறுக்கவில்லை. மாத்திரை அவசியம்தான் என்று சொல்லிவிட்டு, "அப்ப அவங்கள எப்படிம்மா அனுப்பி வெப்பீங்க?" என்று கேட்டார்.

"தலைக்குத் தண்ணி ஊத்தணும்."

"ஊத்தலாமே."

"யாருக்கு?" என்றாள் அம்மா.

மேடம், "எனக்கும் தெரியலம்மா. நீங்களே யோசிச்சு சொல்லுங்க, நான் கூட இருக்கேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்தவளுக்கே தெரியாவிட்டால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

போன ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமல், அம்மாவே அண்டாவில் தண்ணீர் பிடித்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வாசலில் வைத்தாள். மலைப்பாறை காய்கிற வெயில்; மதியத்துக்குள் தண்ணீர் சூடாகிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பலகையைப் போட்டு உன் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா சொம்பில் மொண்டு என் தலைக்கு மேல் கொண்டுவந்தாள். அப்படியே நிறுத்தினாள்.

"ஒனக்கு எதுக்குடி ஊத்தணும்? ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

எனக்கு ஒன்றும் இல்லையாம் கலா. உன்னைத் தூக்கிக் கொடுத்தவளுக்கு ஒன்றும் இல்லையாம். சொம்பைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிக்குப் பிடித்த தலையும் குழிவிழுந்த கண்ணுமாக அவள் நின்ற கோலத்தில் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

"அப்ப ஒனக்கு ஊத்தட்டாம்மா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. அதற்குள் மேகம் மூடிவிட்டது. தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மேடமிடம் சொன்னேன். "கட்டாயப்படுத்தாதீங்க. ஆனா மறுபடி கேளுங்க" என்றார். எத்தனை தடவை கேட்பது? அதுவரை அவள் உடம்பு தாங்குமா? மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. நீயாக இருந்தால் ஒரே அதட்டலில் அவளை உட்கார வைத்திருப்பாய். எனக்கு அந்த வாய் இல்லையே.

என்னால் முடிந்தது இவ்வளவுதான் கலா. வருகிற ஞாயிறும் தண்ணீர் வைப்பேன், அதற்கடுத்த ஞாயிறும் வைப்பேன், சூடு இருக்கும்போதே கேட்பேன். அவள் உட்காருகிற அன்றைக்கு, உனக்கு ஊற்ற வேண்டியதையும் சேர்த்து அவள் தலையில் ஊற்றுவேன்.

அம்மாவுக்கு மீதியிருக்கும் மகள்,
உன் அக்கா ராணி